மாரியாயியின் தூக்குப்போசி

கொஞ்சம் நகர்ந்து அடுப்புப் பக்கமாக வாருங்கள் கண்ணுகளா. காலை நீட்டுகிறவர்கள் நீட்டிக்கொள்ளுங்கள். வெளியே மேகம் இறங்கிவிட்டது. எதிர்வீட்டு விளக்குகூடத் தெரியவில்லை, இனி எங்கே போகப் போகிறீர்கள்? என்னிடம் ராஜா கதை கிடையாது. ஒரு தூக்குப்போசியின் கதை இருக்கிறது. போகும்போது அது சோற்றோடு போனது. வரும்போது எதோடு வந்தது என்பதைக் கடைசியில்தான் சொல்வேன்.

தை மாதம். பனி விழுந்து மேட்டுத் தேயிலையெல்லாம் தீய்ந்த நிறத்தில் கிடந்த ஒரு காலை. மாரியாயி என் வீட்டுக்குள் வந்து, தையல் மெஷின் மேல் துணியை ஒதுக்கிவிட்டு, அந்தத் தூக்குப்போசியை வைத்தாள். மூடியைத் திறந்தால் உள்ளே மரத்தக்காளித் தொக்கு, எண்ணெய் மேலே மிதக்க, ரத்தினம் மாதிரிச் சிவந்து கிடந்தது. அவளுடைய புது ஜாக்கெட்டை நான் தைத்து முடித்திருந்தேன். அதற்குத்தான் அந்தத் தொக்கு. விரல் நுனியில் தொட்டு நாக்கில் வைத்தேன். கடல் தண்ணீரைக் குடித்ததுபோல் இருந்தது.

"எப்படி இருக்குதுங்க்கா?"

"உன் கைக்கு என்னடி குறை?" என்றேன்.

அவள் சிரித்துக்கொண்டே ஜாக்கெட்டை எடுத்துக்கொண்டு போனாள். ஏழு மாதமாக அவளிடம் நான் சொல்லிவந்த பொய் அது.

மாரியாயியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவளுடைய அம்மாவும் அப்பாவும் சிலோன் தோட்டத்திலிருந்து கப்பலில் திரும்பி வந்து இங்கே தேயிலைக்குச் சேர்ந்தவர்கள். இவள் இங்கேதான் பிறந்தாள், இங்கேதான் கொழுந்து பறித்தாள், இங்கேதான் புருஷனைப் பறிகொடுத்தாள். ஐம்பத்து நாலு வயதில் முழங்கால் இனிமேல் மேடு ஏறமாட்டேன் என்று சொல்லிவிட்டது. அதன்பிறகு அவளிடம் மிச்சம் இருந்தது அவள் கைதான். தேங்காய் ரொட்டி தட்டினால் அவள் தட்ட வேண்டும், உரலில் தேங்காய்ச் சம்பல் இடித்தால் அவள் இடிக்க வேண்டும். பூண்டு ஊறுகாய் போட்டால் பக்கத்துப் படுகர் ஹட்டியிலிருந்து கிண்ணத்தோடு ஆள் வரும்.

எங்கள் மேட்டில் இருபத்தேழு வீடு. ஏழுமலை கூரைத் தகரம் மாற்றுவான், குழாய் பார்ப்பான். ஹட்டியிலிருந்து வரும் மாதி சொந்தத் தோட்டத்துக்காரி. கேரட், பீன்ஸ், பூண்டு எல்லாம் அவள் நிலத்தில் விளையும். ஆறுக்குட்டி பழைய வேன் ஒன்று வைத்திருக்கிறான். நான் தைப்பேன். மாரியாயி சமைப்பாள். அவள் கூரை ஒழுகினால் ஏழுமலை ஏறுவான். அவனுக்கு ஒரு மாதம் ஞாயிற்றுக்கிழமைதோறும் ரொட்டியும் சம்பலும் போகும். குன்னூருக்குப் போக வேன் வேண்டுமென்றால் ஆறுக்குட்டிக்கு ஒரு பாட்டில் தொக்கு. இது அதற்குச் சரியாகுமா என்று யாரும் கேட்பதில்லை; கேட்டால் அது அசிங்கம். ஒரே ஒரு கட்டுத்தான். போசியை வெறுமையாகத் திருப்பி அனுப்பக்கூடாது. ரெண்டு எலுமிச்சம்பழமோ, ஒரு பிடி அவரையோ, ஒன்றுமே இல்லாவிட்டால் ஒரு சிட்டிகை சர்க்கரையோ போட்டுத்தான் அனுப்புவோம்.

போன ஆனி மழையில் மாரியாயி ஒரு வாரம் காய்ச்சலில் கிடந்தாள். எழுந்த பிறகு வந்த முதல் ஊறுகாய் உப்பாக இருந்தது. உடம்பு அலுப்பில் கை தவறியிருக்கும் என்று நினைத்தேன். அடுத்ததும் உப்பு. அதற்கடுத்ததில் வெந்தயம் கருகியிருந்தது. சொல்லலாமா என்று யோசிப்பேன். கொடுத்த கை கண்முன்னால் நிற்கும்போது எப்படிச் சொல்வது? என் வீட்டுக்கு வந்தது மட்டும்தான் இப்படியோ என்றும் ஒரு நினைப்பு. பச்சைத் தயிரில் கலந்து கரைத்து எப்படியோ தின்று முடிப்பேன்.

அன்றைக்கு அவள் போன கொஞ்ச நேரத்தில் ஏழுமலை பேண்ட் கிழிசலைத் தைக்க வந்தான். அவன் பின்னாலேயே மாதி, பேரனுடைய ஸ்வெட்டரோடு. ஏழுமலை மெஷின் மேலிருந்த தொக்கைப் பார்த்தான். என் முகத்தைப் பார்த்தான்.

"டைலரக்கா, ஒண்ணு கேக்கட்டுங்களா? கோவிச்சுக்கக் கூடாது."

"கேளு."

"உங்களுக்கு வர்றதும் இப்படித்தான் இருக்குங்களா?"

நான் தூக்குப்போசியின் மூடியை எடுத்து மூடினேன். மாதிதான் முதலில் சிரித்தாள். சிரித்து, ஸ்வெட்டரால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நான் எங்க ஊட்டுக்காரர்தான் வாய் கெட்டுப்போய்க் குறை சொல்றார்னு சண்டை போட்டேன். அவர் ஒரு வாரம் எங்கிட்டப் பேசலை."

"ஆஸ்பத்திரியில எனக்கு பிரஷர் மாத்திரையை ரெண்டாக்கிட்டாங்க," என்றான் ஏழுமலை. "ஊறுகா சாப்புடுவீங்களான்னு சிஸ்டர் கேக்குது. சாப்புட மாட்டேன், கழுவிச் சாப்புடுவேன்னு சொன்னேன். லூசுன்னு நெனச்சிருக்கும்."

மூவரும் சிரித்தோம். சிரித்து முடிந்ததும் ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஏழு மாதமாக மூன்று வீட்டில் தனித்தனியாக உட்கார்ந்து ஒரே காரியத்தைச் செய்திருக்கிறோம்.

"அந்தம்மாகிட்ட யாராச்சும் சொல்லோணுமுங்க," என்றான் ஏழுமலை. "அடுத்த ஞாயித்துக்கெழமை கட்டுச்சோறு."

அதுதான் விஷயம். மாரியாயியின் ஒரே மகள் தீபலட்சுமி அருவங்காட்டில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். மாப்பிள்ளை சஞ்சய்க்கு அங்கே ஃபேக்டரியில் வேலை, குடியிருப்பது குவார்ட்டர்ஸில். அவர்கள் கோயமுத்தூர்ப் பக்கத்துக்காரர்கள். ஒன்பதாம் மாதத்தில் பெண்ணைப் பெற்றவள் தன் கையால் ஐந்து வகைச் சோறு ஆக்கிக் கட்டிக்கொண்டு போய் விருந்து வைத்து, பெண்ணைப் பிரசவத்துக்குத் தன் வீட்டுக்குக் கூட்டிவர வேண்டும். ஆனால் சம்பந்தியம்மாளுக்கு அனுப்ப மனசில்லை. குவார்ட்டர்ஸிலிருந்து ஆஸ்பத்திரி பக்கம், மேட்டிலிருந்து தூரம். முழங்கால் போன பொம்பளை பிள்ளைத்தாய்ச்சிக்கு என்ன பண்டிதமும் பத்தியமும் பார்ப்பாள் என்று போனிலேயே கேட்டிருந்தாள். "மொதல்ல கட்டுச்சோறு கொண்டு வாங்க. மத்ததை அன்னைக்குப் பேசிக்கலாம்," என்று வைத்துவிட்டாள். அதைச் சொல்லும்போது மாரியாயியின் கை முந்தானையைப் பிசைந்தது எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. நகை இல்லை, நிலம் இல்லை. அந்த வீட்டு வாசலில் அவளால் இறக்கிவைக்க முடிந்தது சோறு ஒன்றுதான்.

யார் சொல்வது? "நீங்கதான் மூத்தவங்க," என்றான் ஏழுமலை. "நீ தினம் பாக்கறவன்," என்றேன் நான். மாதி, "அந்த முகத்துக்கு நேரா என்னால ஆகாது," என்று எழுந்துவிட்டாள். இப்படியே சனிக்கிழமை வந்தது. யாரும் சொல்லவில்லை. ஆளாளுக்கு மனசுக்குள் ஒரு யோசனை மட்டும் வைத்திருந்தோம். அதையும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவில்லை.

ஞாயிறு விடியற்காலை ஐந்து மணிக்கு அவள் வீட்டில் அடுப்பு மூண்டது. வெளியே மூன்று கல் கூட்டி, ஏழுமலை பெரிய குண்டாவில் சோறு வடித்தான். மாதி புளி கரைக்கவும் தேங்காய் துருவவும் உட்கார்ந்தாள். நான் மாரியாயிக்குப் பக்கத்தில் நின்று கேட்டதை எடுத்துக் கொடுத்தேன். அவள் குளித்து, நான் தைத்த ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு, நெற்றி நிறையத் திருநீறு பூசியிருந்தாள். கடுகு பொரிந்தது, பெருங்காயம் மணத்தது; வீடே கல்யாண வீடு போல ஆனது. இதில் ஒரு கட்டு உண்டு, கேளுங்கள். மாப்பிள்ளை குடும்பத்தில் பிள்ளைத்தாய்ச்சிக்கு ஆக்குகிற சோற்றை அவள் வாயில் படுமுன் வேறு ஒரு வாய் ருசி பார்க்கக்கூடாது. அதனால் ஒருவரும் தொட்டு நாக்கில் வைக்கவில்லை.

"அக்கா, உப்பு ஒரு பிடி," என்பாள். நான் ஜாடிக்குள் கை விட்டு, மூடிய கைக்குள் நாலு கல் மட்டும் வைத்துக்கொண்டு போய்ச் சட்டிக்குள் உதறுவேன். எப்படியும் இன்னொரு பிடி அவளே அள்ளிப் போட்டுவிடுவாள், இதோடு சரியாகிவிடும் என்பது என் கணக்கு. அவளோ அன்றைக்கு ஜாடிப் பக்கமே வரவில்லை.

ஆறுக்குட்டி வேனைக் கொண்டுவந்து நிறுத்தி ஹாரன் அடித்தான். நாலு குண்டாவை ஏற்றினோம். புளிச்சோறு மட்டும் அந்தத் தூக்குப்போசியில். மகள் முதல் வாய் சாப்பிட வேண்டியது அது. அதை அவள் மடியில் வைத்துக்கொண்டாள். நானும் மாதியும் ஏழுமலையும் பின்னால் குண்டாக்களைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தோம்.

பாதி தூரத்தில் ஒரு கொண்டை ஊசி வளைவில் வேன் நின்றது. ரோட்டின் நடுவில் ஒரு காட்டெருமை. வீட்டுக் கூடம் அளவுக்கு இருந்தது. அசை போட்டுக்கொண்டு எங்களைப் பார்த்தது.

"அவரு போனாத்தான் நாம போக முடியும்," என்று ஆறுக்குட்டி இஞ்சினை அணைத்துவிட்டான்.

பக்கத்தில் ஒரு டீக்கடை. வேனுக்குள் திடீரென்று சத்தமே இல்லை. அந்த அமைதியில் மாரியாயி என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"அக்கா. ஒரு வாய் தின்னுட்டுச் சொல்லுங்க."

"என்னடி பேசறே? தீபா வாயில படறதுக்கு முந்தியா?"

"சாமி மன்னிச்சிரும். சம்பந்தி மன்னிக்க மாட்டாங்க." பிடியை விடவில்லை. "எனக்கு நாக்கு செத்துப்போச்சுக்கா. அந்தக் காய்ச்சல்லருந்து. மணமும் தெரியல, உப்பும் தெரியல, காரம் மட்டும் சுள்ளுங்குது. சரியாயிரும் சரியாயிரும்னு பாத்தேன். வெளிய சொன்னா எங்கிட்ட யாரு வாங்குவா? ஊறுகாயில உப்பு கொறஞ்சா இந்த ஈரத்துல பூத்துப்போகும். அந்தப் பயத்துல ஒரு பிடி சேத்தே போடுவேன். நீங்க எல்லாம் நல்லாருக்கு நல்லாருக்குன்னீங்க. சரி, கை தப்பலைன்னு இருந்தேன். இன்னைக்கு மட்டும் பயம் வந்துருச்சு. எல்லாத்துலயும் பாதியாக் கொறச்சேன்."

போசியைத் திறந்தாள். நான் ஒரு வாய் எடுத்துப் போட்டேன். புளி இருந்தது, வெல்லம் இருந்தது, கடலைப்பருப்பு மொறுமொறுவென்று இருந்தது. உப்பு இல்லை. பழக்க தோஷம், 'நல்லா' என்று நாக்கு தொடங்கிவிட்டது. அவள் என் வாயைப் பார்க்கவில்லை. என் கண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்லடி," என்றேன். "உப்பே இல்ல. ஒரு கல்லு இல்ல."

"பாதி போட்டேனே."

"நீ கேட்டதுல கால்வாசிகூட நான் தரல."

மாதி தலையைக் குனிந்தாள். "புளியை நீ உப்புல ஊற வெச்சிருந்தே இல்ல? நான் அந்தத் தண்ணியக் கொட்டிட்டு வேற தண்ணி ஊத்துனேன். தேங்காயிலயும் போடலை."

ஏழுமலை காட்டெருமையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "வடிக்கையில ரெண்டு பிடி போடச் சொன்னீங்க. நான் போடலைங்க. எப்படியும் நீங்க போடுவீங்கன்னு..."

மாரியாயி எங்கள் மூவரையும் வரிசையாகப் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"அப்ப இதுக்கு முந்தி குடுத்ததெல்லாம்?"

"உப்பு," என்றேன். "வாயில வைக்க முடியாத உப்பு."

அவள் மாதியின் பக்கம் திரும்பினாள். "ஒவ்வொரு தடவையும் போசியில உருளைக்கெழங்கு போட்டு அனுப்புனியே..."

"அதைக் கொழம்புல போட்டு வேக வெச்சா உப்பை இழுத்துக்கும். எங்க ஊட்ல அப்படித்தான் பண்ணுவோம். உனக்குப் புரியும்னு நெனச்சேன்."

"நான் அதை வறுத்துத் தின்னேன்டி," என்றாள் மாரியாயி.

சிரிப்பதா வேண்டாமா என்று எங்களுக்குத் தெரியவில்லை. அவள் சிரிக்கவில்லை. முகம் சுருங்கிப்போயிருந்தது. ஏழு மாதத்து ஜாக்கெட்டும் கூரையும் வேனும் கேரட்டும் அவள் மனசில் திரும்பிப் போய்க்கொண்டிருப்பது எனக்குத் தெரிந்தது. ஏழுமலையிடம் கேட்டாள், "அப்ப ஐப்பசி மழையில என் கூரை மேல ஏறுனது? பாவம் பாத்தா?"

ஏழுமலைக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏனுங்க, என்ன பேச்சு பேசறீங்க? ரொட்டிக்குத்தான் ஏறுனேன். சம்பலைக் கழுவித் தின்னேன், இல்லைங்கல. ஆனாத் தின்னேன். ஒரு நாளாச்சும் நாய்க்குப் போட்டிருந்தா என் கை அழுகிப்போகட்டும்."

மாரியாயி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு வேனைவிட்டு இறங்கினாள். முழங்காலைப் பிடித்துக்கொண்டே டீக்கடைக்குப் போனாள். கடையில் இசக்கியம்மா என்றொரு பெண், முன்பின் தெரியாதவள். மாரியாயி ஒரு தட்டில் எலுமிச்சைச் சோற்றை வைத்து நீட்டி, "இதை வெச்சுக்கிட்டு ஒரு பாக்கெட் கல்லுப்பும் ஒரு போசி வெந்நியும் குடுங்க," என்றாள்.

கைக்குக் கை மாறினால் சண்டை வரும் என்று இசக்கியம்மா உப்பைக் கையில் கொடுக்கவில்லை. பெஞ்சு மேல் வைத்து, "எடுத்துக்கிடுங்க," என்றாள். அப்புறம் தட்டிலிருந்து ஒரு வாய் போட்டுக்கொண்டு, அந்த இடத்திலேயே முகத்தைச் சுளித்தாள்.

"ஏக்கா, இதை யாரு ஆக்குனா? உப்பே இல்லாத சோத்தத் தூக்கிக்கிட்டு எந்த ஊருக்குப் போறீக?"

மாரியாயி அவளை உற்றுப் பார்த்தாள். அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஏழு மாதத்தில் அவள் முகத்துக்கு நேரே சுளித்த முதல் முகம் அது. கோபம் வரும் என்று நினைத்தேன். அவளோ அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து, "நீ கொஞ்சம் வேன்கிட்ட வாம்மா," என்றாள்.

ரோட்டோரத்தில் குண்டாக்களை இறக்கினோம். உப்பை வெந்நீரில் கரைத்து, தெளித்து, உடையாமல் புரட்டினோம். புரட்டுவாள், இசக்கியம்மாவின் முகத்தைப் பார்ப்பாள். இன்னும் என்று அந்த முகம் சொன்னால் இன்னும் தெளிப்பாள். ஐந்து வகைக்கும் அப்படியே. கடைசியில் இசக்கியம்மா, "இப்பச் சோறு," என்று சொல்லிக் கையைக் கழுவிக்கொண்டு கடைக்குள் போய்விட்டாள். காட்டெருமையும் அதுவரை காத்திருந்ததுபோலத் தேயிலைக்குள் இறங்கியது.

அருவங்காட்டில் கூடம் நிறைய ஆட்கள். தீபாவைச் சேரில் உட்கார வைத்து வளையல் போட்டிருந்தார்கள். வயிறு முன்னால் நிற்க, அம்மாவைக் கண்டதும் பாதி எழுந்தாள். மாரியாயி போசியைத் திறந்து முதல் வாயை ஊட்டினாள். ஊட்டிவிட்டு மகள் முகத்தையே பார்த்தாள். தீபா மென்றாள். அடுத்த வாய்க்கு வாயைத் திறந்தாள்.

சம்பந்தியம்மா இலையில் உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிட்டாள். புளிச்சோற்றில் நாலாவது கவளத்தில் அவள் பல்லில் ஏதோ நறுக்கென்றது. விரலால் எடுத்துப் பார்த்தாள். கரையாத ஒரு உப்புக் கல்.

"என்னங்க இது, உப்பு மேல போட்டுக் கலந்தீங்களா?"

நான் வாயெடுத்தேன், ஏதோ ஒரு பொய்தான். மாரியாயி என் முன்னால் கையை நீட்டித் தடுத்தாள்.

"ஆமாங்க சம்பந்தி. வழியில கலந்தோம். எனக்கு ஏழு மாசமா ருசி தெரியாதுங்க. இவ வாயில படறதுக்கு முந்தி இன்னொருத்தரை ருசி பாக்க வெச்சுட்டேன். தப்புத்தான். ஆனா ஆக்குனது என் கை." கொஞ்சம் நிறுத்தினாள். "எம்பொண்ணை நீங்க அனுப்பலைன்னாலும் நான் கேக்க முடியாதுங்க."

சம்பந்தியம்மா அந்த உப்புக் கல்லை இலை ஓரத்தில் வைத்தாள். சாப்பிட்டாள். தயிர்ச்சோற்றை இன்னொரு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். எழுந்து கை கழுவிவிட்டு, தூக்குப்போசியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். குழாய்த் தண்ணீர் சத்தம் கேட்டது. போசி கழுவும் சத்தம். அப்புறம் அலமாரி திறக்கும் சத்தம். மாரியாயி சுவரோடு சாய்ந்து, புறப்படுகிறவள்போல முந்தானையைச் செருகிக்கொண்டு நின்றாள். வெறும் போசி வந்துவிடுமோ என்று நான் உள்கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சம்பந்தியம்மா வெளியே வந்தாள். போசியை மாரியாயி கையில் கொடுத்தாள். உள்ளே தீபாவின் ஆஸ்பத்திரி நோட்டு, சுருட்டி வைத்தபடி. அதற்கு அடியில் சத்து மாத்திரை, அட்டை அட்டையாக.

"போசியை வெறுசா அனுப்பற வழக்கம் எங்க ஊட்லயும் இல்லைங்க," என்றாள். பிறகு மருமகளைப் பார்த்தாள். "போய் உங்கம்மாவுக்கு உப்பு பாத்துச் சொல்லு. பொய் சொல்லாமச் சொல்லு."

நான் தரையைப் பார்த்துக்கொண்டேன் கண்ணுகளா. வேறென்ன செய்ய?

சாயங்காலம் அதே வேனில் திரும்பினோம். முன்சீட்டில் தீபா, ஒரு கை வயிற்றின் மேல். வளைவுகளில் ஆறுக்குட்டி மெதுவாகத்தான் திருப்பினான். ஆனாலும் ஒவ்வொரு வளைவிலும் மாரியாயியின் மடியிலிருந்த போசிக்குள் மாத்திரைகள் ஒரு பக்கம் சரிந்து, மறு பக்கம் சரிந்து, கிலுகிலுவென்று சத்தம் எழுப்பிக்கொண்டே வந்தன. அவள் மூடியின் மேல் உள்ளங்கையை வைத்திருந்தாள்.

எழுந்திருங்கள், நேரமாகிறது. உங்கள் வீட்டு அடுப்பு நனையாமல் இருக்கட்டும். உங்கள் கையால் போனதெல்லாம் பசித்த வாய்க்குப் போய்ச் சேரட்டும். உங்கள் வாசலில் இறங்குகிற போசி எதுவானாலும் கனத்தே இறங்கட்டும். உப்பு கூடினால் கூடியது என்றும் குறைந்தால் குறைந்தது என்றும் முகம் சுளித்துச் சொல்ல உங்கள் ஒவ்வொரு வீட்டிலும் ஓர் ஆள் நீண்ட ஆயுசோடு இருக்கட்டும்.